லாரி விபத்தில் க்ளெய்ம் பணம் எங்கே கரைகிறது: சேலம் லாரி உரிமையாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு சேலம் வரும் பத்துச் சக்கர லாரி ஒன்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போன கார் நசுங்கி, அதில் இருந்த இருவருக்கு எலும்பு முறிவு. சாலையோர இரும்புத் தடுப்பு பெயர்ந்து கிடக்கிறது. டைல்ஸ் பாதிக்கு மேல் தூள். கேபின் சப்பை.

விபத்து ஒன்று, க்ளெய்ம் மூன்று. லாரியின் சேதம் உங்கள் பேக்கேஜ் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியில் வரும். காயம்பட்டவர்கள், கார், இரும்புத் தடுப்பு எல்லாம் மூன்றாம் தரப்பு. டைல்ஸ் இந்தப் பாலிசியிலேயே கிடையாது. "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன்" என்று செவ்வாய்ப்பேட்டையிலும் சங்ககிரியிலும் தைரியமாகச் சொல்லும் ஓனர்களில் பலருக்கு இது சரக்குக்காரர் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் தெரிகிறது. ஒன்று முதல் ஐந்து வண்டி வைத்து ஓட்டுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு.

படி 1: பாலிசியில் மொத்தத் தொகையைத் தவிர மற்றதையும் பாருங்கள்

ரினிவல் வந்ததும் பிரீமியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதுதான் நம் வழக்கம். அடுத்த முறை பிடிஎஃப்பைத் திறந்து முதலில் ஐடிவி (வண்டிக்குப் பாலிசியில் அறிவித்த மதிப்பு) என்ற எண்ணைப் பாருங்கள். வண்டி முழு நஷ்டம் ஆனாலோ திருடு போனாலோ கம்பெனி தரக்கூடிய உச்சத் தொகை அதுதான். புது விலையில் இருந்து வயதுக்கு ஏற்ப கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பதுதான். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள்.

நம் பக்கத்துப் பிரச்சினை என்னவென்றால், பலர் சேசிஸ் மட்டும் வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். சேசிஸ் 30 லட்சம், பாடி 6 லட்சம் என்று வையுங்கள். பாடி பில்லைக் கொடுக்காமல் சேசிஸுக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், மூன்றாவது வருடத்தில் ஐடிவி 21 லட்சம். பாடியைச் சேர்த்திருந்தால் 25 லட்சத்து 20 ஆயிரம். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக 4 லட்சத்து 20 ஆயிரம் போகும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐடிவியை இறக்கி வைக்கும் ஏஜென்ட்டை நான் நல்ல ஏஜென்ட் என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது ஐஎம்டி 23 என்ற கூடுதல் கவர். இந்த வரி பாலிசியில் இல்லாவிட்டால், வண்டி முழு நஷ்டம் ஆகாத வரை, பம்பர், லைட், மட்கார்டு, பானெட், டயர், டியூப், பெயின்ட் எதற்கும் காசு வராது. லாரி மோதினால் முதலில் உடைவதே இவைதான். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தாலும், வண்டியும் அதே விபத்தில் அடிபட்டிருந்தால்தான் டயருக்குப் பணம், அதுவும் பாதி.

கிரேன் செலவு பலர் கவனிக்காத இடம். வழக்கமான லாரி பாலிசியில் வண்டியைத் தூக்கி எடுத்துப் பட்டறை சேர்க்க 2,500 ரூபாய்தான் வரம்பு. கணவாயில் லோடோடு கவிழ்ந்த வண்டியைத் தூக்க வரும் கிரேன்காரர் அந்தத் தொகைக்கு ஃபோனைக் கூட எடுக்கமாட்டார். கூடுதல் டோயிங் கவர் கேட்டு வாங்குங்கள்.

டிரைவர், கிளீனருக்குத் தலைக்கு 50 ரூபாய் பிரீமியத்தில் சட்டப் பொறுப்பு கவர் உண்டு. அதை விட்டுவிட்டு நாளை கிளீனரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதில் அர்த்தமில்லை. ஓனரே வண்டி ஓட்டினால் 15 லட்சம் தனிநபர் விபத்து கவர் கட்டாயம். மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கு வரம்பு 7 லட்சத்து 50 ஆயிரம். பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ஆக்கிவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படி 2: பழைய லாரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் லாரி கைமாறும் வேகம் தெரிந்ததுதான். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் பல மாதம் ஓட்டுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாத நிலையில் கவிழ்ந்தால், பழைய ஓனருக்கு வண்டியில் உரிமையில்லை, உங்களுக்குப் பாலிசியில் உரிமையில்லை.

பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது. அது ஆளுக்கானது, வண்டிக்கானது அல்ல. முந்தைய வருடம் க்ளெய்ம் வாங்கிவிட்டு "இல்லை" என்று எழுதி 20 அல்லது 35 சதவீதத் தள்ளுபடி எடுத்தால், அடுத்த க்ளெய்மின்போது பழைய கம்பெனியிடம் ஒரு மெயில் போட்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 3: வண்டி கிளம்பும் முன் காகிதம்

டிரைவரின் லைசென்ஸை மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் எண் போட்டுப் பாருங்கள். கனரக வண்டிக்கான வகுப்பு இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று. போக்குவரத்து வாகன லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. லைட் வண்டி லைசென்ஸை வைத்து 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அது சின்ன வண்டிகளுக்கு. பத்துச் சக்கரத்துக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டாதீர்கள்.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். பெர்மிட் இல்லாமல் ஓடியது அடிப்படை மீறல் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட வழக்கில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் திரும்ப வசூலிக்கும்.

ஓவர்லோடு: அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, ஓவர்லோடில் விபத்தானால் க்ளெய்மை முழுசாகத் தராமல் அதிகபட்சம் 75 சதவீதத்துக்குத்தான் முடிப்பார்கள் என்பது. ஆனால் "ஓவர்லோடு, ஆகவே ஒன்றுமே கிடையாது" என்று ஒரு கம்பெனி சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 75 சதவீத வழியை ஏற்றிருக்கிறது.

ஏற்காட்டுக்கு உரம் ஏற்றிப் போய்விட்டு இறங்கும் வண்டியில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதை இன்றும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் வேறு. மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை ஓனர் தலையில்.

படி 4: சாலையில் நஷ்டத்தைத் தடுப்பது

தருமபுரியில் இருந்து சேலம் நோக்கி தொப்பூரில் இறங்கும்போது நியூட்ரல் போடுவதுதான் அங்கே நடக்கும் பல விபத்துகளின் கதை. டீசல் மிச்சம் என்கிறார்கள். இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில், கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். ஆக மிச்சம் என்பதே பொய்க்கணக்கு. அதோடு எஞ்சின் பிடிப்பு இல்லாததால் முழு எடையையும் பிரேக் லைனிங் தாங்கி, சூடேறி, பிடிக்காமல் போகிறது. சாவியையும் அணைத்தால் ஏர் கம்ப்ரஸர் நின்று டேங்கில் இருக்கும் காற்றோடு சரி, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு, பிரேக்கை அமுக்கிக்கொண்டே வராதே. டிரைவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் "டீசல் ஆவரேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று சொல்லும் ஓனர், அந்த நியூட்ரலைத் தானே போட்டுக் கொடுக்கிறார் என்பது என் கருத்து.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே நீளமான வண்டியை அனுப்புவதே வேண்டாம். சின்ன வண்டியில் இரண்டு நடை போவது மலிவு. கோடை சீசனில் டூரிஸ்ட் கார்கள் வளைவின் உள்பக்கமே ஏறி வரும். விடியற்காலையில் ஏறி, பகலிலேயே இறங்கிவிடுவது நல்லது.

தினமும் ஏர் டேங்கில் தண்ணீர் வடிப்பது, ஸ்லாக் அட்ஜஸ்டர், வீல் நட், பின்பக்க ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பார்ப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் பைபாஸ் ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திய லாரியின் பின்னால் பைக் வந்து மோதினால், நின்றிருந்த வண்டி என்பதற்காக உங்கள் பொறுப்பு போய்விடாது. முக்கோணப் பலகையும் ஹசார்டு லைட்டும் அதற்குத்தான்.

தூக்கம் இன்னொன்று. 2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. மோர்பி டிரிப்பில் இதை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. குறைந்தபட்சம் "காலை ஆறு மணிக்குள்ள லீ பஜார்ல நிக்கணும்" என்று நள்ளிரவில் ஃபோன் போடாதீர்கள்.

ஜவ்வரிசி, ஸ்டார்ச் லோடுக்குத் தார்ப்பாய்தான் உயிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கிழிசல் போதும், கீழடுக்கு மூட்டை கட்டியாகிவிடும். இரட்டைத் தார்ப்பாய் போட்டு, கட்டி முடித்ததும் நான்கு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். அந்த ஃபோட்டோ பிறகு க்ளெய்மிலும் பேசும்.

படி 5: விபத்து நடந்த முதல் சில மணி நேரம்

ஆள் முதலில். 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆகவே காசு யார் கட்டுவது என்று யோசித்து நிற்க வேண்டியதில்லை.

டிரைவர் ஓடிவிடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு காயம்பட்டவரை மருத்துவம் சேர்ப்பதையும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதையும் டிரைவரின் கடமையாக்குகிறது. கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தில் நிற்கச் சட்டமே கட்டாயப்படுத்தவில்லை. நேராகப் பக்கத்துக் காவல் நிலையம் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஃபோன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. கிரேன்காரருக்கு அல்ல. க்ளெய்ம் எண்ணை எஸ்எம்எஸ்ஸாக வாங்குங்கள். ஸ்பாட் சர்வே (விபத்து இடத்திலேயே சேதத்தைப் பார்த்து எழுதுவது) வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். போக்குவரத்து நிற்கிறது, போலீஸ் உடனே தூக்கச் சொல்கிறது என்றால் தூக்கத்தான் வேண்டும். ஆனால் தூக்கும் முன் நம்பர் பிளேட், சேசிஸ் எண், சக்கரங்கள், சாலையில் பிரேக் போட்ட தடம், உடைந்த தடுப்பு, சிதறிய லோடு, எதிரே தெரியும் மைல்கல் எல்லாம் ஃபோட்டோவும் வீடியோவும் எடுங்கள். கிரேன் பில்லில் வண்டி எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கட்டும்.

கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தியதும் "எஞ்சின் ஓடுதா பாரு" என்று ஸ்டார்ட் போடக்கூடாது. ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். கனெக்டிங் ராடு வளைந்தால், அது விபத்தில் வந்த சேதம் இல்லை, பிறகு நீங்கள் செய்தது என்று கழித்துவிடுவார்கள்.

ஆள் காயம்பட்ட வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்து அறிக்கை தரும் வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். பிரேக் வேலை செய்ததா என்பதை அவர் எழுதுவார். எஃப்ஐஆர், ஆய்வாளர் அறிக்கை, உங்கள் க்ளெய்ம் படிவம் மூன்றிலும் ஒரே கதை இருக்க வேண்டும், அதாவது நடந்தது. லைசென்ஸ் முடிந்துபோன டிரைவருக்குப் பதிலாக வேறொருவர் பெயரைக் கொடுக்கச் சொல்லும் "அனுபவசாலி"கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. செல்ஃபோன் டவர், டோல்கேட் கேமரா, ஆஸ்பத்திரிச் சீட்டு எதிலாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். போவது ஒரு க்ளெய்ம் மட்டுமல்ல, மோசடி வழக்கும் சேர்ந்து வரும்.

படி 6: சர்வேயரும் பில் கணக்கும்

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாகனச் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வர வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கைப்படி க்ளெய்ம் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு மெயிலில் கேளுங்கள். ஃபோனில் எத்தனை முறை கேட்டாலும் அதற்குச் சாட்சி இல்லை.

சர்வேயர் எஸ்டிமேட்டை ஒப்புக்கொள்ளும் முன் பட்டறையில் வேலை தொடங்க வேண்டாம். பிரித்த பிறகு உள்ளே புதுச் சேதம் தெரிந்தால், மாட்டும் முன் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

ஓனர்கள் அதிகம் கோபப்படுவது தேய்மானக் கழிவில்தான். ஆறு வயது லாரிக்கு ஒரு கணக்கு போடுவோம், ஐஎம்டி 23 இருப்பதாக வைத்து. இரும்புப் பாகங்கள் 3,00,000. ஐந்து முதல் பத்து வயதுக்கு 40 சதவீதக் கழிவு, வருவது 1,80,000. ரப்பர், பிளாஸ்டிக் 40,000. எந்த வயதானாலும் பாதி, 20,000. கண்ணாடி 15,000, கழிவே இல்லை. கூலி 90,000, முழுசு. பெயின்ட் ஒரே பில்லாக 60,000 என்றால் அதில் கால் பங்கைப் பொருளாக எடுத்து அதில் பாதி கழிப்பார்கள், வருவது 52,500. பட்டறை பில் 5,05,000. ஒப்புக்கொள்வது 3,57,500. அதிலும் பழைய இரும்பு மதிப்பும், பாலிசியில் எழுதிய கட்டாயப் பிடித்தமும் போகும். ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி எடுப்பவராக இருந்தால் பில்லில் உள்ள வரியும் வராது.

பாருங்கள், கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. பட்டறைக்காரர் கூலி, பாகம், பெயின்ட் எல்லாவற்றையும் ஒன்றாக்கி "கேபின் வேலை ஒரு லம்ப்" என்று பில் போட்டால் நஷ்டம் உங்களுக்கு. பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டமும் இஎம்ஐயும் வழக்கமான பாலிசியில் கிடையாது.

படி 7: உடைந்த டைல்ஸ் யார் கணக்கு

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி சரக்கு கெட்டால், போக்குவரத்துக்காரர் கவனக்குறைவு என்று சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்ற சில காரணங்கள்தான் விதிவிலக்கு. ஆனால் உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. சரக்குக்காரர் அதிக ரிஸ்க் கட்டணம் தர ஒப்புக்கொண்டு எழுதாத வரை பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான், அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். புக்கிங் தேதியில் இருந்து 180 நாளுக்குள் அவர் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இதெல்லாம் செல்லுபடியாக லாரி ரசீது (பில்டி) ஒழுங்காக இருக்க வேண்டும். மதிப்பு, எண்ணிக்கை, வாடகை எதுவும் நிரப்பாத பில்டியில் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினால் சட்டம் கொடுத்ததை நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

சரக்குக்காரர் தன் டிரான்சிட் (சரக்குக் காப்பீட்டு) பாலிசியில் பணம் வாங்கிக்கொண்டாலும் உங்கள் கதை முடிந்துவிடாது. அவருடைய கம்பெனி அவர் இடத்தில் நின்று உங்களிடம் வசூலுக்கு வரும். அவர்கள் கேட்கும் சேதச் சான்றிதழில் என்ன உடைந்தது, எத்தனை பெட்டி என்று மட்டும் எழுதுங்கள். "எங்கள் டிரைவரின் தவறால்" என்று எழுதித் தராதீர்கள். அடிக்கடி வெளி லோடு எடுப்பவர்கள் கேரியர் பொறுப்பு பாலிசி ஒன்று தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

மிச்சமிருக்கும் டைல்ஸை வேறு லாரியில் ஏற்றும்போது, சரக்கோடு வரும் ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி எண்ணை மாற்ற வேண்டும். கெடு முடிகிறது என்றால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும் பின்பும் நீட்டிக்க வழி உண்டு. விபத்து நஷ்டத்தோடு ஜிஎஸ்டி அபராதமும் சேர வேண்டாம்.

படி 8: காரில் இருந்தவர்களும் இரும்புத் தடுப்பும்

காவல் துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஆவணங்கள் கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள். தீர்ப்பாய சம்மன் வந்தால் அன்றே கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள். "இன்சூரன்ஸ் பார்த்துக்கும்" என்று மேசையில் போட்டுவைத்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகலாம்.

தடுப்புக்காக டோல் கம்பெனி ஆட்கள் அந்த இடத்திலேயே பணம் கேட்பார்கள். எழுத்தில் டிமாண்ட் வாங்கி கம்பெனிக்கு அனுப்புங்கள். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாகச் சொல்வதோ பாலிசி நிபந்தனையை மீறுவது. கார்க்காரரிடம் ஸ்டேஷனில் "பேசி முடிப்பதும்" இதில்தான் சேரும்.

படி 9: க்ளெய்மை மறுத்தால்

மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், ஃபோன் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). தனிநபர், தனியுடைமை நிறுவனம், குறு நிறுவனம் போகலாம், 50 லட்சம் ரூபாய் வரை. மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம். "லாரி வியாபாரத்துக்கு, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கம்பெனித் தரப்பு வாதிட்டால், இன்சூரன்ஸ் எடுப்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தான், லாபம் பார்க்க அல்ல என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம். வண்டி திருடு போய், உடனே எஃப்ஐஆர் போட்டு, கம்பெனிக்குச் சொல்ல மட்டும் தாமதமாகிவிட்டது என்றால் அந்த ஒரு காரணத்தால் மறுக்க முடியாது என்று 2020 தீர்ப்பு இருக்கிறது. அதற்கு இரண்டு சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்றை வண்டியிலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கும் டிரைவரிடம் இருந்து இன்றைக்கே வாங்கி வீட்டில் வையுங்கள்.